பனியில் இறங்கியது சரியான முடிவுதான்

‘லெவியாத்தன்’ வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல வருடங்கள் ஆகின்றன. காற்றில் மிதக்கும் திமிங்கிலமும், அதன் முதுகில் ஓடித் திரியும் ஸ்காட்லாந்துப் பெண்ணும் போதும் என்பவர்கள் விலங்குக் கட்சி. எண்ணெய் வாடை, பல்சக்கரம், எஃகுக் கால் என்று கிடப்பவர்கள் இரும்புக் கட்சி. நான் இரும்புக் கட்சி. நடையூர்தி என்னும், கால்களால் நடக்கும் போர் இயந்திரத்தை ஓட்டும் 15 வயதுப் பையனின் ரசிகன். அவனுக்கு வாசகர்கள் போடும் குறைந்த மதிப்பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் இந்த நாவல் 2009-இல் வந்தது. அன்று முதல் இதைப் பற்றி ஒரே குரலில் ஒரு கருத்தும் எழுந்ததில்லை. இயந்திரங்கள் எண்ணெயில் ஓடுவதால் இது ஸ்டீம்பங்க்கே அல்ல என்பார் சிலர். கதை பாதியில் நிற்கிறது என்பார் சிலர். கீத் தாம்ப்ஸனின் ஓவியங்கள்தான் நாவலைத் தூக்கி நிறுத்துகின்றன என்பாரும் உண்டு. இவை பழைய வழக்குகள், நடக்கட்டும். ஒரு குற்றச்சாட்டை மட்டும் என்னால் விட முடியாது. பையன் மறைவிடத்தை விட்டு இறங்கி, பனியில் விழுந்து கிடந்த எதிரியின் திமிங்கிலக் கப்பலுக்கு மருந்துப் பையோடு போனது முட்டாள்தனம் என்கிறார்கள். பெண்ணின் அத்தியாயங்களை ரசித்துப் படிப்பவர்கள் அவனுடைய அத்தியாயங்களை வெறுமனே பொறுத்துக்கொள்வதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

முழு நாவலிலும் அதைவிடச் சிறந்த முடிவை யாரும் எடுக்கவில்லை என்பது என் கட்சி.

அந்த முடிவைப் பிடிக்காதவர்கள் அதன் விளைவை வைத்துத்தான் பேசுகிறார்கள். போனான், பிடிபட்டான், ஆகவே தப்பு. ஆட்டத்தை அப்படிப் பார்க்கக் கூடாது. முடிவெடுத்த நொடியில் ஆட்டக்காரன் கையில் என்ன இருந்தது, கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் அவன் ஓட்டிப் பழகிய இயந்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடையூர்திக்கு இரண்டே கால். ஆறு கால் இருந்தால் எப்போதும் மூன்று கால் தரையில் நிற்கும். மற்ற மூன்றைத் தூக்கி வைத்தாலும் உடல் சாயாது. இரண்டு கால் இயந்திரத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு காலைத் தூக்கியவுடன் மொத்த எடையும் மற்றக் காலுக்குப் போய்விடும். உடலின் எடைமையம் ஊன்றிய பாதத்தைத் தாண்டி முன்னே சரியும். அந்த நொடியில் இயந்திரம் உண்மையில் விழுந்துகொண்டிருக்கிறது. அடுத்த கால் சரியான இடத்தில் போய் ஊன்றினால் அதற்கு நடை என்று பெயர், ஊன்றாவிட்டால் விழுந்துவிட்டது என்போம். மனிதன் நடப்பதும் இதே முறையில்தான். சைக்கிள் பழகியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும்: சாயும்போது சாயும் பக்கமே கைப்பிடியைத் திருப்பாவிட்டால் தரைதான்.

போர்க்கருவிக்கு இரண்டு கால் வைப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நிஜ வரலாற்றில் 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய டாங்கிகள் சங்கிலிப் பட்டையில்தான் ஊர்ந்தன. பட்டையில் ஊரும் வண்டியை நிறுத்தினால் அது நிற்கும், அவ்வளவுதான். ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். இரண்டு கால் வண்டியை நடுநடையில் நிறுத்தினால் கவிழும். அங்கே ஓட்டுநரின் ஒவ்வோர் அசைவும் ஒரு முடிவு. கதாசிரியருக்கு அப்படிப்பட்ட ஓட்டுநர் வேண்டியிருந்தது, அதனால் கால் வைத்தார். ராணுவப் பொறியியலாகப் பார்த்தால் பலவீனமான வடிவம். கதைக்கு இதைவிடப் பலமான வடிவம் கிடையாது.

இப்படிப்பட்ட வண்டியின் நெம்புகோல்களைத்தான் பெற்றோரான ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் தம்பதி கொல்லப்பட்ட இரவிலேயே அவன் கையில் கொடுக்கிறார்கள். இருட்டு, விளக்குப் போட முடியாது, துரத்த ஆள் வருகிறது. பக்கத்தில் பொறியாளர் இருக்கிறார், அவனோ மாணவன். அன்று முதல் அவன் உடம்பு கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே: தடுமாறும்போது பின்னால் இழுக்காதே, முன்னால் கால் வை. பலர் இந்த ஓட்டும் அத்தியாயங்களை மெதுவாகப் போகின்றன என்று தாண்டிவிடுகிறார்கள். பனிப்பாறையில் நடக்கப்போவதற்கான கால்நகர்த்தல் பயிற்சி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டு வந்து, திடீரென்று எதற்கு வெளியே போனான் என்று கேட்டால் என்ன சொல்வது?

இப்போது கப்பல் பனியில் விழுந்த இரவுக்கு வருவோம். ஸ்விஸ் மலையில் ஒரு பழைய கோட்டை. பல ஆண்டுகளுக்குத் தாங்கும் உணவும் எரிபொருளும் அப்பா முன்கூட்டியே சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பையனைக் காப்பாற்றிக் கூட்டி வந்த பிரபுவின் திட்டம் தெளிவானது: போர் முடியும்வரை மூச்சு விடாமல் இரு, முடிந்தபின் அரியணை உரிமையைக் கேள். அந்த உரிமையும் உறுதியானதல்ல. ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் 1900-இல் அரச குலத்தைச் சேராத பெண்ணை மணந்ததால் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடையாது என்பது உண்மை வரலாறு. கற்பனை மகனான இவனும் அதே சிக்கலில்தான் பிறக்கிறான். ஒளிந்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு பலம் இல்லை என்று பிரபு கணக்குப் போட்டதில் தப்பே இல்லை.

ஆனால் பனியில் கப்பல் விழுந்த நொடியில் அந்தக் கணக்கு காலாவதியாகிவிட்டது. சுட்டு வீழ்த்தியவர்கள் தேடி வராமல் இருப்பார்களா? விழுந்து கிடக்கும் கப்பல்காரர்கள் நாலாபுறமும் ஆள் அனுப்பாமல் இருப்பார்களா? கோட்டை இனி மறைவிடம் அல்ல, எடை ஏற்கெனவே முன்னால் சரிந்துவிட்டது. அசையாமல் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்தது பிரபு மட்டும்தான். பையன் கால் வைத்தான். வைத்த இடமும் சரியான இடம். துப்பாக்கியோடு போயிருந்தால் அங்கேயே சுட்டிருப்பார்கள். மருந்தோடு போனதால் பேச்சுக்கு இடம் கிடைத்தது. தன் வீட்டுச் சாவைச் சாக்காக வைத்துத் தொடங்கிய போரில் யாரோ சிலர் கண்ணெதிரே குளிரில் சாகிறார்கள் என்பது அவனைத் தள்ளியது. அந்த இரக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரக்கம் தள்ளிய திசையும் ஆட்டத்துக்குச் சரியான திசையும் ஒன்றாக இருந்தன. அப்படி அமைவது அபூர்வம்.

விலங்குக் கட்சிக்காரர்கள் உடனே பெண்ணைக் கொண்டு வருவார்கள். ஜெல்லிமீன் போன்ற ஹைட்ரஜன் உயிரியில் தொங்கிக்கொண்டு, முதல் பறத்தலிலேயே புயலில் சிக்கி, நிதானம் இழக்காமல் இருந்தாள் என்பார்கள். உண்மை. அவள் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் முடிவுகள் எல்லாம் வானத்தில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில் நடப்பவை. புயல் அவளிடம் வந்தது, அவள் பதில் கொடுத்தாள். பையனிடம் யாரும் வரவில்லை. அவனுக்குச் சூடான அறை இருந்தது, உணவு இருந்தது, தனக்காக எல்லாவற்றையும் விட்டு வந்த சில மனிதர்கள் இருந்தார்கள். இழக்க இத்தனை வைத்துக்கொண்டு கதவைத் திறந்தவன் அவன். எது கடினமான முடிவு?

அவன் பனியில் இறங்கியது தற்செயல் இல்லை என்பதற்கும் நாவலிலேயே சாட்சி இருக்கிறது. பின்னால் எதிரிகள் நெருங்கும்போது, நடையூர்தியின் இயந்திரங்களையே கழற்றித் திமிங்கிலக் கப்பலில் பொருத்தச் சம்மதிக்கிறான். தன்னிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எதிரிக்குக் கொடுக்கிறான், அதே கப்பலில் தானும் ஏறிக்கொள்கிறான். மறுபடியும் அதே முடிவு, அதே கால்நகர்த்தல். இரும்பும் விலங்கும் சேர்ந்து பறந்த அந்தக் காட்சியைக் கொண்டாடுகிற விலங்குக் கட்சி, பனியில் அவன் நடந்த நடை இல்லாமல் அது நடந்திருக்காது என்பதை மறந்துவிடுகிறது.

இனி என்ன நடக்கும் என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் அனிமே தொடர் வந்த பிறகு புதிய வாசகர் கூட்டம் ஒன்று நாவலுக்குள் நுழையும். அவர்களில் பெரும்பாலோர் திமிங்கிலத்தைப் பார்த்து விலங்குக் கட்சியில்தான் சேர்வார்கள். இரண்டாம் வாசிப்பில் ஒரு பகுதியினர் இந்தப் பக்கம் வருவார்கள், ஏனென்றால் பையனின் ஆட்டம் முடிவு தெரிந்த பிறகுதான் துலங்கும். அடுத்த சில வருடங்களில் இன்னொன்றும் நடக்கும். இரண்டு கால் ரோபோக்கள் தடுமாறி, ஒரு காலை முன்னால் வைத்துச் சமாளிக்கும் காட்சிகளைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் இந்த நாவலைப் படிக்கப் போகிறார்கள். ஓட்டும் அத்தியாயங்கள் அவர்களுக்கு மெதுவாகத் தெரியாது. எழுத வருகிறவர்களும் பித்தளைக் கண்ணாடியையும் தொப்பியையும் குறைத்துவிட்டு, நெம்புகோலைப் பிடித்த கையைக் கவனிக்கத் தொடங்குவார்கள். ஸ்டீம்பங்க் சாகசக் கதைகளின் அடுத்த நல்ல காலம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பையனுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். முதல் இரவில் அவன் வண்டி ஓட்டும் அத்தியாயங்களை எடுத்துப் படியுங்கள். புத்தகத்தை மூடாமல் நேராகப் பனிப்பாறை அத்தியாயத்துக்குப் போங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகும் அது முட்டாள்தனம் என்று தோன்றினால் உங்கள் மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை என் தீர்ப்பு இதுதான்: அந்த நாவலின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் அவன்.