ஆடுவோரும் கேட்போரும்: ஒரு சைடெக்கோ இசைத்தட்டு

நாட்டார் இசைப்பதிவுகளை மதிப்பிடுவோர், பதிவுக்கூடத்தில் உருவானவற்றைச் செம்மையானவை எனவும், மக்கள் நடுவே பதிவானவற்றைக் குறையுடையன எனவும் கொள்வதுண்டு. ஆட்டத்திற்கென்றே பிறந்த இசைக்கு இவ்வளவுகோல் பொருந்துமா? ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில், றிச்மண்ட் நகரின் புனித மாற்கு கத்தோலிக்க ஆலய மண்டபத்தில் 1971இல் கிளிப்டன் ஷெனியே வாசித்த நடன நிகழ்ச்சியை ஆர்ஹூலி நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அத்தட்டு இவ்வினாவை வலுவாக எழுப்புகின்றது.

லூசியானா மாநிலத்தின் பிரெஞ்சு இசை என ஒருங்கே சுட்டப்படுவது உண்மையில் இரு மரபுகளைக் கொண்டது. இன்றைய கனடாவின் கிழக்குக் கரையிலிருந்த அக்காடியாவிலிருந்து 1755 முதல் பிரித்தானியரால் வெளியேற்றப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் வளர்த்தது கேஜன் இசை. அதே மாநிலத்தில் பிரெஞ்சு பேசிய கறுப்பினக் கிறியோல் மக்களிடையே உருவானது சைடெக்கோ. இரண்டும் ஒன்றிடமிருந்து மற்றொன்று பெற்று வளர்ந்தவை. கறுப்பினக் கலைஞர் அமேடே ஆர்டுவானும் வெள்ளையரான டெனிஸ் மக்கீயும் 1929இலேயே சேர்ந்து இசைத்தட்டுக்கு வாசித்தனர். ஆயினும் அவ்விருவரின் சமூகங்களும் ஒரே மண்டபத்தில் சமமாக நின்று ஆட நிறவேற்றுமை இடந்தரவில்லை. 2008 முதல் 2011 வரை கிராமி விருதுகள் இரண்டையும் ஒரே பிரிவில் அடக்கின. அத்தகைய பொதுத் தலைப்புகள் இவ்வரலாற்றை மறைத்துவிடுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஷெனியேயை வெறும் பழமைக் காவலராகக் காண்பதும் தவறு. கேஜன் கலைஞர் பெரிதும் கையாண்ட பத்துப் பொத்தான் அக்கோடியன் குறிப்பிட்ட சுருதியின் சுரங்களுக்குள் கட்டுண்டது. அவரோ பியானோக் கட்டைகள் கொண்ட அக்கோடியனைத் தேர்ந்து, புளூஸ் இசையைத் தடையின்றி அதனூடே பாயவிட்டார். கிறியோல் மக்கள் தாளத்திற்குப் பயன்படுத்திய சலவைப் பலகையை, மார்பில் அணியும் நெளிதகட்டுக் கருவியாக 1946இல் ரெக்சாஸ் மாநிலத்தில் செய்வித்தவரும் அவரே. அதனைத் தமையன் கிளீவ்லண்ட் போத்தல் திறப்பான்களால் உராய்ந்து எழுப்பும் தாளமே இத்தட்டின் நாடித்துடிப்பு எனலாம்.

அந்த மண்டபத்தில் கூடியோர் யாவர்? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் றிச்மண்டின் கப்பல் கட்டும் தளங்கள் தென்மாநிலத் தொழிலாளரை ஈர்த்தன. லூசியானாவிலிருந்து அவ்வாறு பெயர்ந்து வந்த கிறியோல் குடும்பங்களுக்கு ஆலய நடனங்களே ஊரை மீட்டுத் தந்தன. லூசியானாவின் 1921ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஆங்கிலத்தையே பாடசாலைப் போதனா மொழியாக்கியதன் பின், பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டனைக்கு ஆளாயினர். அத்தலைமுறையினர் வெட்கத்துடன் மறைக்கப் பழகிய மொழி, இங்கே உரத்த குரலிற் பாடப்படுகின்றது. ஷெனியே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பாடுகின்றார். இடையிடையே கூட்டத்தோடு பேசுகின்றார். எதையும் விளக்கவேண்டிய தேவை அவருக்கில்லை. பதிவுக்கூடத் தட்டுகளில் அவர் இசை மேலும் துல்லியமாகக் கேட்கலாம். ஆனால் இவ்வுறவு அவற்றில் இல்லை.

இத்தட்டுக்கும் எல்லையுண்டு. ஒரே தாளக்கட்டு நீளும்போது, அமர்ந்து கேட்பவனுக்குச் சலிப்புத் தோன்றுதல் இயல்பு. ஆடுவோனுக்கு அந்நீட்சியே இன்பம். அவ்வகையில் இசைத்தட்டு நிகழ்ச்சியின் ஒரு பாதியையே நமக்குத் தருகின்றது; மறுபாதி ஆடியோரின் கால்களோடு போய்விட்டது. அவ்விழப்பை உணரச் செய்வதும் இத்தட்டின் பெறுமதியே.

ஷெனியே 1987இற் காலமானார். லூசியானாவில் வீட்டுமொழியாகப் பிரெஞ்சு அதன்பின் மேலும் தளர்ந்தது. சைடெக்கோப் பாடல்களிலும் ஆங்கிலமே மிகுந்தது. பாட்டில் மாத்திரம் தங்கிய மொழியைப் பேணிவிட்டோம் என ஆறுதலடைவோர் இத்தட்டைக் கேட்டல் வேண்டும். ஒரு மொழிக்கு அதனைப் பாடுவோர் மாத்திரம் போதார். கேட்டு மறுமொழி தரும் கூட்டமும் தேவை என்பதை அந்த மண்டபத்து ஆரவாரம் தெளிவாக உணர்த்துகின்றது.