புனைவுலக உணவும் வரலாற்றுச் சமையலும்: மூலமும் உரையும்

புனைகதைகளில் இடம்பெறும் உணவுவகைகளை அடுக்களையில் சமைத்துப் பார்க்கும் முயற்சி மேலைநாடுகளில் தனியொரு நூல்வகையாகவே வளர்ந்துள்ளது. அவற்றுள் குறிப்பிடத்தக்கது செல்சி மன்றோ-கேசல், சேரியன் லேரர் ஆகிய இருவரும் இணைந்து எழுதி 2012இல் வெளிவந்த 'எ ஃபீஸ்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்'. 1996 முதல் வெளிவரும் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் மிகுகற்பனைப் புதின வரிசையில் வரும் உணவுகளை நிலப்பகுதிவாரியாகப் பகுத்து இந்நூல் செய்முறை கூறுகிறது. புதின ஆசிரியரே இதற்கு முன்னுரையும் வழங்கியுள்ளார். இதனை ரசிகர்களுக்கான நூல் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், பழம்பனுவலொன்றை இன்றைய வாசகரிடம் எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது. அவ்வினா இலக்கியம் கற்பிக்கும் நமக்கும் உரியதே.

கற்பனை நாட்டின் அடுக்களைக்கு ஆவணம் இல்லை. எனவே நூலாசிரியர்கள் இங்கிலாந்தின் பழைய சமையல் ஏடுகளை நாடுகின்றனர். பல உணவுகளுக்குப் பழைய முறை, இன்றைய முறை என இரண்டு செய்முறைகளை அருகருகே தருகின்றனர். கதைமாந்தர் ஒருத்தி விரும்பியுண்ணும் எலுமிச்சைப் பணியாரத்துக்கு எலிசபெத் அரசியார் காலத்து வடிவமொன்றும் இக்கால வடிவமொன்றும் இடம்பெறுகின்றன.

அவர்கள் துணைகொள்ளும் ஏடுகளுள் முதன்மையானது 'ஃபார்ம் ஆஃப் கியூரி'. இது 1390ஆம் ஆண்டளவில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் அரண்மனைச் சமையற்காரர்கள் தொகுத்தது. 'கியூரி' என்பது சமையலைக் குறிக்கும் பழஞ்சொல். நம் 'கறி'யோடு அதற்குத் தொடர்பில்லை. ஏறத்தாழ 200 செய்முறைகள் கொண்ட இவ்வேட்டில் அளவுகளும் நேரமும் பெரும்பாலும் கூறப்படுவதில்லை. 'இன்பொடி', 'வன்பொடி' எனப் பொருள்படும் இரு நறுமணக் கலவைகள் அடிக்கடி சுட்டப்படினும் அவற்றில் என்னென்ன சேரும் என்பதை ஏடு விளக்குவதில்லை. அரண்மனைச் சமையற்காரருக்கு அது சொல்லாமலே விளங்கும். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் வருபவர் ஊகித்தே நிரப்பவேண்டும். ஆகவே, இத்தகைய சமையல் வெறும் மீட்டெடுப்பன்று. அது உரை எழுதுதலுக்கு நிகரான செயல் என்பது நம் கருத்து.

இவ்வளவுகோலால் நோக்கின், மூலத்தின் சொற்களையும் பல இடங்களில் உடன் அச்சிட்டிருப்பது இந்நூலின் தலையாய சிறப்பு எனலாம். வாசகர் மூலத்தையும் உரையையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலுகிறது. குறையும் உண்டு. ஏட்டில் இல்லாத அளவுகள் கரண்டிக்கணக்கில் துல்லியமாகத் தரப்படும்போது, ஊகம் உறுதியின் தோற்றம் பெற்றுவிடுகிறது. மற்றொன்று கால மயக்கம். புதினத்தின் தென்கோடி நாடான டோர்னில் காரமிக்க மிளகாய் உண்ணப்படுகிறது. கற்பனை உலகில் அது வழுவன்று. ஆனால், 1492ஆம் ஆண்டுக் கடற்பயணத்துக்குப் பின்னரே அமெரிக்க மிளகாய் ஐரோப்பாவை அடைந்தது. ரிச்சர்டின் சமையலறை அதனை அறியாது. புனைவுக்குரிய உரிமையும் வரலாற்றுக்குரிய கட்டுப்பாடும் ஒரே பந்தியில் பரிமாறப்படும்போது, அனைத்தையும் இடைக்கால உணவென்றே வாசகர் மயங்க இடமுண்டு.

இம்மயக்கம் நமக்கும் நேரக்கூடியதே. 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பத்துப்பாட்டில், பெரும்பாணாற்றுப்படை நிலந்தோறும் வேறுபடும் விருந்தைக் கூறுகிறது. அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த உணவு கிடைக்கும் என்கிறது. அங்கு மிளகுக்குப் பெயர் 'கறி'. இவ்வுணவை மாணவர் வகுப்பில் சமைத்துப் பார்த்தால் பாடல் அவர்கள் நாவிலும் நிற்கும். அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் அளவையும் வேகும் நேரத்தையும் பாடல் கூறவில்லை. எது பாடல் கூறியது, எது உரையாசிரியர் தந்தது, எது நம் ஊகம் என்பதை மூன்றாகப் பிரித்து எழுதிய பின்னரே அடுப்பு மூட்டவேண்டும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை அப்பட்டியலில் இடம்பெறக்கூடாது.

சுருங்கக் கூறின், மேற்கூறிய நூல் மூலத்தை மறைக்காத வகையில் நமக்கு முன்மாதிரி. ஊகத்தை ஊகமெனச் சொல்லாத வகையில் எச்சரிக்கை. உணவு சுவையாக அமைவது சமையற்காரரின் வெற்றி. அதனைச் 'சங்க கால உணவு' எனப் பெயரிட்டு மாணவர் முன் வைக்கும்போது, அப்பெயருக்குச் சான்று காட்டுவது ஆசிரியரின் கடமை.