லிங்கைத் திறக்காமல் லாட்ஜ் நடத்த முடியுமா?

ஒரு ஓட்டலுக்கு மின்னஞ்சல் வருகிறது. முன்பு உங்களிடம் தங்கியவன் நான், அடையாளச் சான்று ஒன்றைத் தொலைத்துவிட்டேன், கண்டுபிடிக்க உதவ முடியுமா என்று கேட்கிறது. அதில் லிங்க் இல்லை, கோப்பும் இல்லை. ரிசப்ஷனில் இருந்தவர் பதில் எழுதுகிறார். அடுத்து இன்னொரு மின்னஞ்சல்: தொலைந்தது பாஸ்போர்ட், அதன் படத்தையும் தங்கிய விவரத்தையும் கூகுள் டிரைவில் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அவர் திறந்து பார்க்கிறார். கணினிக்குள் ‘விடார்’ என்ற திருட்டு மென்பொருள் இறங்குகிறது. முன்பதிவுத் தளத்தின் பாஸ்வேர்டு கைமாறுகிறது. பிறகு அந்த ஓட்டலில் அறை எடுத்திருந்தவர்களுக்கு ஓட்டலின் பெயரிலேயே, புக்கிங்.காம் தளத்தின் வழியாகவே, மோசடிச் செய்திகள் போகின்றன. இணையப் பாதுகாப்பு நிறுவனமான செக்யூர்வொர்க்ஸ் 2023 இறுதியில் விவரித்த சம்பவம் இது.

அந்த ஊழியர் செய்த தவறு என்ன? முன்பின் தெரியாத ஒருவரின் கஷ்டத்தைக் கேட்டார், உதவ முன்வந்தார். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். வங்கி ஊழியர் தெரியாத மின்னஞ்சலைத் திறக்காமல் இருந்துவிடலாம். ஓட்டலுக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பகுதி தெரியாதவர்களிடமிருந்து வருவதுதான். சுற்றுலாத் தொழில் செய்பவர்களுக்கு நடத்தப்படும் இணையப் பாதுகாப்புப் பயிற்சிகளைப் பற்றி எனக்குள்ள அடிப்படையான மனக்குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வேறொரு தொழிலுக்குத் தைத்த சட்டையை இந்தத் தொழிலுக்கு மாட்டிவிடுகிறார்கள்.

ஒரு மலையூரில் லாட்ஜ், காட்டேஜ் உரிமையாளர்களுக்காக நடந்த அரைநாள் பயிற்சியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சீசன் முடிந்த மழை நாள். காவல்துறை அதிகாரி ஒருவர் பேசினார். நன்றாகவே பேசினார், அக்கறையோடும் பேசினார். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். தெரியாத லிங்கைத் தொடாதீர்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று சட்டத்தில் இல்லவே இல்லை. பணம் போனால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியான செய்திகள். ஆனால் அதே உரையை ஒரு கல்லூரியிலோ முதியோர் சங்கத்திலோ ஒரு வரி மாற்றாமல் பேசியிருக்கலாம்.

இந்தக் கூட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1930 என்ற எண்ணை மனத்தில் பதியவைப்பது ஒன்றே பெரிய காரியம். ஏமாற்றிய பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு நிமிடக் கணக்கில் தாவுகிறது. புகார் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் இடையில் ஏதாவது ஒரு வங்கியில் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. மறுநாள் காலை மைத்துனரைக் கலந்துகொண்டு புகார் கொடுக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது.

அதைவிடப் பெரிய பயன் தேநீர் இடைவேளையில் நடந்தது. ராணுவ அதிகாரி என்று சொல்லி ஒருவர் போனில் எட்டு ரூம் கேட்டதையும், அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடை அனுப்பி அதை ஸ்கேன் செய்யச் சொன்னதையும் ஒரு காட்டேஜ்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும் பணம் வரவில்லை, இவர் கணக்கிலிருந்து போனது. பக்கத்தில் நின்றவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, எனக்கும் இதேதான்” என்றார். ஒரே ஊர், ஒரே தெரு. ஒருவர் வாய் திறந்திருந்தால் மற்றவர் தப்பியிருப்பார். படித்தவன் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம் இரண்டு பேரையும் வாயடைத்து வைத்திருந்தது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை என்று மேடையிலிருந்து சொன்னது யாருக்கும் நினைவில் நின்றதோ தெரியாது. அந்த இரண்டு பேரின் முகம் அங்கிருந்தவர்களுக்கு மறக்காது.

மேடை உரையைவிட இப்படிப்பட்ட பகிர்வே உதவுகிறது என்று நான் நினைப்பது மனப்பிரமை அல்ல என்பதற்கு ஆராய்ச்சி உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை 15 மாதம் கவனித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பொய் மின்னஞ்சலைப் பரிசோதனையாக அனுப்பி, அதில் சிக்கியவருக்கு உடனே பாடம் காட்டும் முறை பலன் தரவில்லை. சிலரை இன்னும் எளிதாகச் சிக்கவும் வைத்தது. ஆனால் சந்தேகப்பட்டதை உடனே தெரிவிக்க ஒரு பொத்தானைக் கொடுத்தபோது, ஊழியர்கள் கூட்டாகச் சேர்ந்து புதிய மோசடிகளை வேகமாகக் காட்டிக்கொடுத்தார்கள், மாதக்கணக்கில் சலிக்காமல். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனையில் 19,500-க்கும் மேற்பட்டோரை வைத்து எட்டு மாதம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சிக்கும் விகிதத்தில் கிடைத்த வித்தியாசம் 1.7 சதவீதம்தான். பாடம் சொன்ன நேரத்தைவிட ஒருவர் மற்றவருக்குச் சேதி சொன்ன நேரமே காப்பாற்றியிருக்கிறது. நம் ஊர்க் கூட்டங்களிலோ தேநீர் இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம். உரைக்கு மூன்று மணி நேரம்.

யார் வருகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அன்று வந்திருந்தவர்கள் எல்லோரும் ஓனர்கள். லாட்ஜில் மின்னஞ்சலைப் பார்ப்பவர், புக்கிங் தளத்தில் விருந்தினரோடு பேசுபவர், கூகுள் ரிவ்யூவுக்குப் பதில் போடுபவர் கவுண்டரில் இருக்கும் இளைஞர். எல்லோருக்கும் ஒரே கணினி, ஒரே பாஸ்வேர்டு. அது மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். வேலையைவிட்டுப் போனவருக்கும் அது தெரியும். இரவுப் பணியில் இருப்பவர் ஒற்றை ஆள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதை ஓனருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் போய்ச் சொல்லுவார் என்று நம்புகிறோம். வீட்டுக்குப் போகும் வழியிலேயே பாதி மறந்துவிடும்.

மோசடிக்காரர்கள் குறி வைப்பது அந்த இளைஞரைத்தான், அதுவும் அவருடைய பயத்தை. 2024 டிசம்பரில் தொடங்கி, புக்கிங்.காம் பெயரில் ஓட்டல்களுக்குப் போய்க்கொண்டிருந்த மின்னஞ்சல்களைப் பற்றி மைக்ரோசாப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது. உங்களைப் பற்றி விருந்தினர் மோசமாக எழுதியிருக்கிறார், அறை வேண்டி ஒருவர் கேட்டிருக்கிறார், கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று விதவிதமாகத் தூண்டில். உள்ளே போனால், நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் வழக்கமான பக்கம் போலவே ஒன்று. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள், என்டர் தட்டுங்கள் என்கிறது. திருட்டு மென்பொருளை ஊழியர் தன் கையாலேயே ஏற்றிவிடுகிறார். ஒரு ஸ்டார் ரிவ்யூ விழுந்தால் ஓனரிடம் வசவு வாங்கப் போவது தான்தான் என்று தெரிந்தவர் எந்த அவசரத்தில் அதைத் திறப்பார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். எந்தத் தட்டலில் எது நடக்கிறது என்பதைக் கணினி முன் உட்காரவைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரியும். ‘லிங்கைத் தொடாதே’ என்ற வாக்கியத்தால் புரியாது.

பயிற்சிகள் அடியோடு தொடாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான். இந்தக் கூட்டங்களில் பேசப்படுவது ஓனரின் பணத்தைப் பற்றி மட்டும். விருந்தினர் நம்பி ஒப்படைத்த தாள்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

லாட்ஜில் அறை எடுக்கும்போது ஆதாரை நீட்டுகிறோம். ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறார்கள், இப்போது பல இடங்களில் ஊழியர் தன் சொந்த செல்போனிலேயே படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அந்தத் தாள் எத்தனை வருடம் இருக்கும், யார் அழிப்பார், வேலையை விட்டுப் போகும் ஊழியரின் போனில் உள்ள நூற்றுக்கணக்கான குடும்பங்களின் படங்கள் என்ன ஆகும்? ஓனர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தங்குபவரின் அடையாளம் வேண்டும் என்று போலீஸ் கேட்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் போக வேண்டும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், உரிமம் பெறாத ஓட்டல்கள் ஆதார் நகலை வாங்கி வைத்திருக்கக் கூடாது என்று அறிவித்தது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பேப்பரில் இரண்டையும் படித்த லாட்ஜ்காரர் என்ன முடிவுக்கு வருவார்? முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதார் ஒன்று இருக்கிறது என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்வதில்லை.

பெரிய ஓட்டல்களே இதில் சறுக்கியிருக்கின்றன. ஸ்டார்வுட் ஓட்டல்களின் முன்பதிவுக் கணினிக்குள் 2014-இல் புகுந்தவர்களை, 2016-இல் அந்த நிறுவனத்தை வாங்கிய மேரியட் கண்டுபிடித்தது 2018-இல்தான். அதற்குள் 50 லட்சத்துக்கும் அதிகமான பாஸ்போர்ட் எண்கள் எந்தப் பூட்டும் இல்லாத வடிவில் பறிபோயிருந்தன. பிரிட்டன் 2020-இல் 1.84 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. நம் நாட்டில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். தரவைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம். பத்து அறை வைத்திருப்பவரை இந்தத் தொகையைச் சொல்லி மிரட்டத் தேவையில்லை. எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது, எப்போது கிழித்துப் போட வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். நான் இருந்த பயிற்சியில் இந்தச் சட்டத்தின் பெயர்கூட உச்சரிக்கப்படவில்லை.

பயிற்சி என்ற சொல்லுக்குள் இன்னொரு அநீதி ஒளிந்திருக்கிறது. தவறு எல்லாம் தெரியாதவருடையது என்று அது முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 2018 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் 40 ஓட்டல்களின் ஊழியர்களைப் போனில் ஏமாற்றி புக்கிங்.காம் கணக்குகளுக்குள் புகுந்தார்கள். 4,109 பேரின் விவரங்கள் வெளியே போயின. போன் எடுத்தவர்களின் அலட்சியம் என்று அதை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நெதர்லாந்து தரவு ஆணையம் 2021-இல் அந்தத் தளத்தின் மீதே 4,75,000 யூரோ அபராதம் போட்டது. காரணம், விஷயம் தெரிந்த பிறகும் ஆணையத்துக்கு 22 நாள் தாமதமாகத் தகவல் சொன்னது. கமிஷன் வாங்கும் தளத்துக்கும் பொறுப்பு உண்டு என்று ஒரு அரசு அமைப்பு சொன்ன நிகழ்வு அது. நம் சங்கங்கள் பயிற்சிக்கு அழைக்கும்போது முன்பதிவுத் தளத்தின் பிரதிநிதியையும் அழைத்து உட்காரவைத்து, எங்கள் கணக்கு களவுபோனால் உங்களுக்குச் சொல்ல ஒரு போன் நம்பர் உண்டா, மனிதர் எடுப்பாரா என்று கேட்க வேண்டும்.

கட்டமைப்பை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு யுபிஐயே சாட்சி. பணம் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றுவது வெகுகாலம் நடந்தது. எத்தனையோ விழிப்புணர்வு வாசகங்கள் வந்தன. 2025 அக்டோபர் 1 முதல், தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியையே தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் எடுத்துவிட்டது. அந்த ஓட்டை அடைபட்டது. கியூஆர் கோடு வழியிலான ஏமாற்று இன்னும் மிச்சம் இருக்கிறது. அதற்குத்தான் பயிற்சி தேவை. அடைக்கக்கூடிய ஓட்டையை அடைக்காமல் தடுக்கி விழுந்தவருக்குப் பாடம் எடுப்பதை நான் ஏற்கவில்லை.

கையோடு செய்துகாட்டும் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதற்குக் கூகுள் மேப் நல்ல உதாரணம். ஒரு லாட்ஜின் விவரத்தில் திருத்தம் வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். உரிமையாளர் அந்தப் பக்கத்தைத் தன் பெயரில் உறுதிசெய்யாமல் விட்டிருந்தால் போன் நம்பர் மாறிக் கிடப்பது அவருக்குத் தெரியாமலே போகும். விருந்தினர் மோசடிக்காரரிடம் அட்வான்ஸ் கட்டிவிட்டுக் குழந்தைகளோடு நடுராத்திரியில் வந்து நிற்பார். லாட்ஜில் அப்படி ஒரு புக்கிங்கே இருக்காது. கேதார்நாத் ஹெலிகாப்டர், சோம்நாத் விடுதி என்று பெயர் சொல்லி, போலித் தளங்களைப் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்ற மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்ததும் இதைப் போன்ற ஏமாற்றுக்காகத்தான். அவரவர் செல்போனை எடுக்கச் சொல்லி, அவரவர் லாட்ஜைத் தேடச் சொல்லி, நம்பரைச் சரிபார்த்து, பக்கத்தை உறுதிசெய்து, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிட்டு அனுப்ப அரை மணி நேரம் போதும். அன்று அந்த அரங்கில் எல்லோர் கையிலும் போன் இருந்தது. சைலன்ட்டில் போடச் சொல்லித்தான் கூட்டமே தொடங்கியது.

அடுத்த கூட்டம் நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். அரங்கம் வேண்டாம், ஏதாவது ஒரு லாட்ஜின் ரிசப்ஷனிலேயே, பகல் பணிக்கும் இரவுப் பணிக்கும் ஆள் மாறும் நேரத்தில் நடத்துங்கள். ஓனரும் கவுண்டரில் இருப்பவரும் ரூம் பாயும் சேர்ந்து நிற்கட்டும். அந்த வாரம் வந்த மின்னஞ்சல்களையே திறந்து பார்த்துப் பேசுங்கள். தெரு முழுவதற்கும் ஒரு வாட்ஸ்அப் குழு அங்கேயே தொடங்கட்டும். சந்தேகமான நம்பர் வந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கடைசியாக ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தாலும் கூப்பிடு, புக்கிங் போனாலும் பரவாயில்லை, திட்ட மாட்டேன் என்று ஓனர் தன் வாயால், எல்லோர் முன்னாலும், அந்த இளைஞரிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைக் கிழித்துவிட்டுத் தன் செல்போன் நம்பரை அங்கே ஒட்ட வேண்டும்.