ஒரு படகு கூடத்தில், ஒரு படகு கடலில்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆன்ஸ்ட்ரதர் ஒரு சிறு துறைமுக ஊர். 1969-இல் அங்கே திறக்கப்பட்ட ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகம், துறைமுகத்தை ஒட்டிய பழைய கட்டடங்களில் இயங்குகிறது. இத்தகைய இடங்கள் பொருளை மட்டும் காக்கின்றனவா, தொழிலையும் காக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பதே சரியான உரைகல். இங்குள்ள இரண்டு பெரிய ஹெர்ரிங் மீன்பிடிப் படகுகள் அதற்கு இரு வேறு விடை தருகின்றன.

'ரிசர்ச்' 1903-இல் கட்டப்பட்ட சூலு வகைப் படகு. கூரைக்கு அடியில், முதுமை தெரியக் கிடக்கிறது. அன்றைய தச்சர் மரத்தை எப்படி வளைத்தார், பலகையை எப்படிப் பொருத்தினார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் அதன் பாய் இனிக் காற்றைப் பிடிக்காது.

'ரீப்பர்' 1902-இல் சாண்ட்ஹேவனில் கட்டப்பட்ட ஃபிஃபி வகைப் படகு. 1975-இல் அருங்காட்சியகம் அதை வாங்கிச் சீரமைத்தது. தன்னார்வலர்கள் அதைக் கடலில் ஓட்டி வந்திருக்கிறார்கள். பழுது பார்க்கப் பார்க்கப் பழைய மரம் குறைகிறது, இதை எப்படி அசல் என்பது என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தப் படகின் முன்பாயைக் கவனியுங்கள். எதிர்காற்றில் திசை மாற்றும்போதெல்லாம் அதை இறக்கி, பாய்மரத்தின் மறுபக்கம் கொண்டுபோய், மீண்டும் ஏற்ற வேண்டும். ஒருவர் பிந்தினாலும் படகு தடுமாறும். இதை விளக்கப் பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது. கூட நின்று கயிறு பிடித்தவருக்கே கைவரும்.

இத்தகைய படகுகள் பிடித்த ஹெர்ரிங் மீன் நம் சாளைக்கு உறவு. கரைக்கு வந்ததும் அதைப் பெண்கள் மூவர் மூவராகச் சேர்ந்து பக்குவம் செய்தார்கள்: இருவர் குடல் எடுக்க, ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தி பட்ட காயத்தில் உப்பு ஏறாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். மீன்பிடி அருங்காட்சியகம் எதுவானாலும் தடுமாறும் இடம் இதுதான். கத்தியையும் பீப்பாயையும் வைத்துவிடலாம். அந்தக் கைகளின் வேகத்தை எங்கே வைப்பது?

அந்தக் குறை இருந்தும் ஆன்ஸ்ட்ரதர் தேறிவிடுகிறது. 'ரிசர்ச்' இல்லாவிட்டால் சீரமைப்பைச் சரிபார்க்க மூலம் இருக்காது. 'ரீப்பர்' இல்லாவிட்டால் அந்த மூலத்தைப் படித்தறிய ஆள் இருக்காது. இரண்டில் ஒன்றுக்கே பணம் உண்டு என்ற நிலை வந்தால் 'ரீப்பருக்கே' கொடுக்க வேண்டும். மரத்தை அளந்து வரைந்து வைக்கலாம். பாய் மாற்றும் பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்ப வராது.