இடக்கைக்கு ஒரு ஷாகோன்

பாக் தன் கைப்பட 1720 என்று ஆண்டிட்டு வைத்த தனி வயலின் படைப்புகளில் ஒன்று, டி மைனர் பார்ட்டிட்டா. அதன் கடைசிப் பகுதிதான் ஷாகோன். நான்கு நரம்பும் ஒரு வில்லும் மட்டுமே துணை. கால் மணி நேரத்துக்கு ஓர் உலகமே விரிகிறது.

1877-இல் பிராம்ஸ் இதைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார், இடக்கைக்கு மட்டும். பத்து விரல்களையும் இறக்கினால் வயலின் படும் பாடு காணாமல் போய்விடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பின்னாளில் புசோனி இரு கைகளுக்கும் எழுதிய வடிவம் ஆர்கன்போல முழங்குகிறது. பிரமிக்கவைக்கும் வேலைதான். ஆனாலும் என் மனம் பிராம்ஸிடம்தான் போகிறது.

ஆரம்ப ஸ்வரக்கட்டையே கேளுங்கள். வயலினில் வில் எல்லா நரம்பையும் ஒரே நேரத்தில் தொட முடியாது. கீழிருந்து மேலாக முறித்து இழுக்க வேண்டும். பியானோவில் அதே முறிவைச் சுண்டுவிரல் தொடங்கி வைக்கிறது, கட்டைவிரல் உச்சியில் ராகத்தை ஏந்திக்கொள்கிறது. பெரும்பாலும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்டதால் ஒலி கருமையும் கனமும் கொள்கிறது. நடுவில் மேஜருக்குத் திரும்பும் இடத்தில், அந்தத் தாழ்ந்த ஒலியிலேயே ஒரு வெளிச்சம் பரவுகிறது பாருங்கள், அதற்காகவே இதை எத்தனை முறையும் கேட்கலாம்.

பிராம்ஸ் இதை அனுப்பியது பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்கு. அது வந்து சேர்ந்தபோது அவருக்கு வலக்கையில் தசைநார் பிசகியிருந்தது. பிராம்ஸுக்கு அது தெரியாது.