சத்தம் போடாத மூவர்: மார்ச்சின் வாசிலெவ்ஸ்கி ட்ரையோ

ஏழெட்டு வருஷமாக இந்த மூவரின் இசையை நான் தப்பாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரி ஏதாவது படிக்கும்போதோ குறிப்பெடுக்கும்போதோ பின்னணியில் மெதுவாக ஓடவிடுவேன். தொந்தரவே செய்யாது. "நல்ல இசை, வேலை செஞ்சுக்கிட்டே கேக்கலாம்" என்று நண்பர்களிடம் சிபாரிசு வேறு செய்திருக்கிறேன். அதைப் பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். போனில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வேலை இல்லாததால், பியானோவுக்குக் கீழே பாஸ் என்ன செய்கிறது என்று முதல்முறையாகக் கவனித்தேன். பிறகு டிரம்ஸ். மறுபடி பியானோவுக்குத் திரும்பியபோது அது வேறு பாட்டாக இருந்தது. இத்தனை நாள் நான் கேட்டது ஒருவரை மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது.

அன்று ஓடியது 'ஹைப்பர்பேலட்'. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் 1995ல் வெளியிட்ட 'போஸ்ட்' ஆல்பத்தில் உள்ள பாட்டு. மலைமேல் வாழும் ஒரு பெண், கணவனோ காதலனோ விழிப்பதற்கு முன் தினமும் விளிம்புக்குப் போய்க் கையில் கிடைத்த பொருட்களைக் கீழே எறிகிறாள். அப்படிச் செய்தால்தான் அவளால் நிம்மதியாக வீடு திரும்ப முடியும். பியோர்க்கின் பாட்டு மெதுவாகத் தொடங்கி, எலெக்ட்ரானிக் தாளமும் வயலின்களும் சேர்ந்து பெரிதாக வெடிக்கும். இவர்களிடம் அந்த எலெக்ட்ரானிக் தாளமும் இல்லை, வயலின்களும் இல்லை. பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். பொருட்களை எறியும் நேரத்தை பியோர்க் பாடுகிறார் என்றால், இவர்கள் வாசிப்பது அதற்குப் பிறகு அவள் வீடு திரும்பும் நேரத்தை என்று எனக்குத் தோன்றும். உள்ளே நடந்தது எதையும் முகம் காட்டவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இவர்கள் யார் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. போலந்தின் வடக்கே, பால்டிக் கடற்கரைக்குப் பக்கத்தில் கோஷாலின் என்றொரு ஊர். அங்குள்ள இசைப்பள்ளியில் படித்த மார்ச்சின் வாசிலெவ்ஸ்கியும் (பியானோ) ஸ்வாவோமிர் குர்கியெவிச்சும் (பாஸ்) பதினைந்து வயதில், 1990 வாக்கில் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். 1993ல் மிஹாவ் மிஷ்கியெவிச் (டிரம்ஸ்) வந்து சேர்ந்தார். போலந்தின் பெயர்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் ஹென்ரிக் மிஷ்கியெவிச்சின் மகன் இவர். 'சிம்பிள் அகூஸ்டிக் ட்ரையோ' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஆள் மாறவே இல்லை. ஜாஸ் உலகில் இது சாதாரண விஷயம் கிடையாது. அங்கே குழுக்கள் ஒரு ஆல்பத்துக்குக் கூடி அடுத்த ஆல்பத்துக்குள் கலைந்துபோவது சகஜம்.

1995ல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'கொமெடா'. க்ஷிஷ்டோஃப் கொமெடாவுக்கு இளைஞர்கள் மூவர் செய்த மரியாதை அது. கொமெடா காது மூக்கு தொண்டை டாக்டர். சொந்தப் பெயர் ட்ஷ்சின்ஸ்கி, மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் கொமெடா. ஸ்டாலின் காலத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஜாஸ், 1956ல் சோபோட் நகரில் நடந்த விழாவில் வெளிச்சத்துக்கு வந்தபோது அங்கே வாசித்தவர்களில் இவரும் ஒருவர். ரோமன் போலன்ஸ்கியின் 'நைஃப் இன் த வாட்டர்', 'ரோஸ்மேரீஸ் பேபி' படங்களுக்கு இசையமைத்தார். 1969ல், 38 வயது நிறையும் முன்பே இறந்துபோனார். 1965ல் பதிவான அவருடைய 'அஸ்டிக்மாடிக்' ஆல்பத்தில் ட்ரம்பெட் வாசித்த இளைஞர் தோமாஷ் ஸ்டான்கோ.

அந்த ஸ்டான்கோதான் 1994ல் இந்த மூன்று பையன்களையும் தன்னோடு வாசிக்கக் கூப்பிட்டார். பிறகு ஈசிஎம் நிறுவனத்துக்காக 'சோல் ஆஃப் திங்ஸ்' (2002), 'சஸ்பெண்டட் நைட்' (2004), 'லொன்டானோ' (2006) என்று மூன்று ஆல்பங்களை நால்வரும் சேர்ந்து செய்தார்கள். இவர்களுடைய அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் இங்கேதான் கை காட்டுவேன். ஸ்டான்கோவின் ட்ரம்பெட் கரகரப்பானது. ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு நிறுத்திவிடுவார். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. பின்னால் இருப்பவர்கள் அந்த இடைவெளியை நிரப்பக்கூடாது, அதைக் கீழே விழவும் விடக்கூடாது, தாங்கிப் பிடிக்க வேண்டும். இருபது வயதில் யாருக்கும் தன் திறமையைக் காட்டத்தான் கை துறுதுறுக்கும். அந்த வயதில் இவர்கள் இன்னொருவரின் மௌனத்துக்குப் பக்கத்தில் நிற்கப் பழகினார்கள்.

2005ல் ஈசிஎம் மூலம் 'ட்ரையோ' ஆல்பம் வந்தபோது அட்டையில் மூவர் பெயரும் இருந்தது. 2008ல் வந்த 'ஜனவரி' முதல்தான் 'மார்ச்சின் வாசிலெவ்ஸ்கி ட்ரையோ'. இசை என்னவோ அந்த முதல் அட்டையில் இருந்த மாதிரியேதான் நடக்கிறது. மூவரும் சமமாகப் பேசும் பியானோ ட்ரையோ என்பதை 1961ல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் பில் எவன்ஸும் ஸ்காட் லஃபாரோவும் பால் மோஷியனும் வாசித்துக் காட்டினார்கள். அந்தப் பதிவு முடிந்த சில நாட்களில் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், அந்தப் பேச்சு பாதியில் நின்றது. வாசிலெவ்ஸ்கி குழுவுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் நேரம். ஒரே மூன்று பேர் முப்பது வருஷம் பேசிக்கொண்டிருந்தால் பாதி வாக்கியத்தைச் சொல்லவே தேவையில்லை. கேட்பவருக்கு அது வெறும் 'மென்மை'யாகத் தெரிந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் இருக்கிறது. ஈசிஎம் பதிவுகளில் வரும் அந்த நீண்ட எதிரொலி எதையும் அழகாக்கிவிடும். அழகே பழக்கமாகிவிட்டால் ஆபத்து. 'ஜனவரி'யில் என்னியோ மொரிகோனேயின் 'சினிமா பாரடைஸோ' வருகிறது. அந்த மெட்டு ஏற்கனவே கண்ணீரில் நனைந்தது. அதை இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பளபளப்பாக வாசித்தால் கேட்பவர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. அதே ஆல்பத்தில் பிரின்ஸின் 'டயமண்ட்ஸ் அண்ட் பேர்ல்ஸ்' எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூலப்பாட்டில் அலங்காரம் நிறைய. இவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள், உள்ளே ஒரு எளிய, நல்ல மெட்டு இருந்தது தெரிகிறது. எடுத்துக்கொண்ட பாட்டிலேயே இனிப்பு தூக்கலாக இருந்து, அதை இவர்கள் குறைக்காமல் விட்டுவிட்டால் சறுக்குகிறார்கள். கழற்றுவதற்கு ஏதாவது இருந்தால் ஜெயிக்கிறார்கள். என் கணக்கு இவ்வளவுதான்.

"இவங்களுக்கு வேகமா வாசிக்கத் தெரியாதோ?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு 'லைவ்' ஆல்பத்தை அனுப்பினேன். 2016 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் நடந்த விழாவில் பதிவானது, 2018ல் வெளிவந்தது. ஹெர்பி ஹான்காக்கின் 'ஆக்சுவல் ப்ரூஃப்' அதில் இருக்கிறது. மிஷ்கியெவிச்சின் கைகள் அங்கே ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டால், ஸ்டூடியோவில் ஒரே ஒரு சிம்பலை பிரஷ்ஷால் தடவிவிட்டுச் சும்மா இருப்பவரும் இவர்தானா என்று சந்தேகம் வரும். முடியாததால் அமைதியாக இருப்பது வேறு, முடிந்தும் அமைதியாக இருப்பது வேறு. அந்தக் கச்சேரியைக் கேட்ட பிறகு ஸ்டூடியோ ஆல்பங்களின் அமைதி இன்னும் கனமாகிவிட்டது எனக்கு.

அந்த ஆல்பம் வெளிவந்த அதே வருஷம் ஜூலையில் ஸ்டான்கோ காலமானார். மூன்று பையன்களும் அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். 2021ல் வந்த 'ஆன் அத்தாந்தான்' ஆல்பத்தில் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களில் 25வது இருக்கிறது, த டோர்ஸ் குழுவின் 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' இருக்கிறது. எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கிறார்கள். எதை எடுத்தாலும் அதே மூன்று பேர் பேசிக்கொள்கிற மாதிரிதான் கேட்கிறது.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. 'ட்ரையோ' ஆல்பத்தின் 'ஹைப்பர்பேலட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் மூன்று தடவை கேளுங்க. முதலில் பாஸ் மட்டும். அப்புறம் டிரம்ஸ் மட்டும், முக்கியமாக அவர் அடிக்காமல் விடும் இடங்கள். மூன்றாவது தடவை பியானோ. கையில் வேலை எதுவும் வேண்டாம், விளக்கை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. எனக்குக் கரண்ட் போக வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு வருஷம் ஆக வேண்டாம்.