டி.ஐ.ஜி. வரை போன வழக்கும் போகாத வழக்குகளும்

கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் போகும் வழியில், ஊருக்குள் நுழையும் முன்பே தொரப்பாடி மத்திய சிறை வந்துவிடும். அங்கிருந்த ஆயுள் கைதி ஒருவரைச் சிறைத்துறை டி.ஐ.ஜி.யின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தினார்கள், பணம் திருடியதாகச் சொல்லி அடித்துத் தனிச்சிறையில் போட்டார்கள் என்று 2024இல் அவருடைய தாய் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வேலூர் தலைமைக் குற்றவியல் நடுவரை நேரில் விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம். அவருடைய அறிக்கை வந்த பிறகு சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. வழக்கில் சேர்க்கப்பட்டவர்களில் வார்டர்கள் மட்டுமல்ல, ஜெயிலர், கூடுதல் கண்காணிப்பாளர், டி.ஐ.ஜி.யும் உண்டு. குற்றச்சாட்டுகள் நிரூபணமாகுமா என்பது வேறு விஷயம். தமிழகச் சிறை வரலாற்றில் விசாரணை இவ்வளவு உயரம் ஏறியதே அபூர்வம்.

ஏறியதற்குக் காரணம், அந்தக் கைதி உயிரோடு இருந்தார். நடுவர் முன்னால் உட்கார்ந்து யார் அடித்தார்கள், யார் சொல்லி அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது. இறந்தவரின் உடலில் காயம் இருக்கும். உத்தரவிட்டவர் யாரென்று அந்தக் காயம் சொல்லாது. அதனால் மரண வழக்குகளில் விசாரணை பெரும்பாலும் லத்தி பிடித்த கையோடு நின்றுவிடுகிறது. சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் இறந்தது கோவில்பட்டி கிளைச் சிறைக் காவலில். அந்தக் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இன்ஸ்பெக்டருக்கு மேல் ஒருவரும் இல்லை. மாவட்ட எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். அந்தக் காயங்களோடு இருவரையும் ரிமாண்டுக்கு அனுப்பியது, சிறைக்குள் சேர்த்துக்கொண்டது எல்லாம் செய்தியில் ஓரமாகவே நின்றன.

நடைமுறையில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். உடனே சஸ்பெண்ட் செய்தால் சாட்சியை மிரட்டும் நாற்காலி பறிபோகிறது. 2006 முதல், காவலில் நேர்ந்த மரணத்தை நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும். சாத்தான்குளம் நிலையத்துக்குள் நடுவர் பாரதிதாசன் போனதால்தான் தலைமைக் காவலர் ரேவதியின் சாட்சியம் பதிவானது. ஆர்.டி.ஓ. விசாரணையாக இருந்திருந்தால் அது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால் காத்திருப்போர் பட்டியல் ஒரு தண்டனையல்ல. அதில் குற்றச்சாட்டு இல்லை, விளக்கம் கேட்பது இல்லை. கொந்தளிப்பு அடங்கியதும் வேறு பதவி வந்துவிடும். 2025இல் மடப்புரம் கோவில் காவலாளி இறந்தபோதும் இதே வரிசை: காவலர்கள் கைது, டி.எஸ்.பி. சஸ்பெண்ட், எஸ்.பி. காத்திருப்பு. முதல் தகவல் அறிக்கையே இல்லாமல் தனிப்படை யார் உத்தரவில் போனது என்று கேட்டது உயர் நீதிமன்றம்தான், துறை அல்ல. வேலூர் வழக்கை விசாரித்த அமர்விலும் மடப்புரம் வழக்கை விசாரித்த அமர்விலும் இருந்தவர் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம். ஒரு நீதிபதியின் முனைப்பை நம்பி இருக்கும் பொறுப்புக்கூறலை முறை என்று எப்படிச் சொல்வது?

கண்ணமங்கலம் வட்டாரத்துக்கு இதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்தச் சுற்றுக் கிராமத்தவர்களும் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்களை முந்தின நாளே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். எதிர்த்துத் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். முன்னது உண்மையென்றால் இது காவல் மரணம். பின்னது என்றால் மோதல். என்கவுன்டர் கொலைகளுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, விசாரணையை மேற்பார்வையிடுபவர் சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலான அதிகாரியாக இருக்க வேண்டும். படைத் தலைவர் டி.ஐ.ஜி., சிறப்புப் புலனாய்வுக் குழுத் தலைவர் ஐ.ஜி. விதி அப்படியே நிறைவேறியது. இருவரும் ஒரே மாநிலப் போலீஸ் என்பதை அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை.

கீழே ஒருவர் அடித்ததற்கு மேலே உள்ளவரை எப்படிப் பிடிப்பது என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் உண்டு. செய்யாத கொலைக்கு எஸ்.பி.யைக் கொலைகாரர் ஆக்க முடியாது. ஆனால் கேமரா ஓடியதா, சேர்க்கையின்போது காயங்கள் பதிவேட்டில் ஏறினவா, தனிப்படைக்கு எழுத்தில் உத்தரவு இருந்ததா என்பவை மேற்பார்வை அதிகாரியின் நேரடிக் கடமைகள். அவற்றில் தவறியதற்குத் துறைரீதியான குற்றச்சாட்டு, பெயரோடு, வெளியிடப்பட்ட முடிவோடு வரலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

மேலிடம் ஒருமுறை விழுந்ததும் மரணத்துக்காக அல்ல. 1977இல் கேரள முதல்வர் கருணாகரன் ராஜினாமா செய்தார். மாணவர் ராஜன் போலீஸ் காவலில் சித்திரவதை செய்யப்பட்டு இறந்த விவகாரம் அது. ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசு சொன்னதை உயர் நீதிமன்றம் நம்பவில்லை. அங்கே பதவியைப் பறித்தது நீதிமன்றத்தில் சொன்ன பொய்.